ஹபீபுர் ரஹ்மானின் துத்தநாகம்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. ஒரு வார இதழின் மருத்துவ மலருக்குக் கட்டுரையாகப் பிறந்து, அங்கே விலைபோகாமல் என் மடியிலேயே திரும்ப வந்து விழுந்தது. "ஆம்பளைங்களுக்கு ஜிங்க் சத்து குறைஞ்சா என்ன ஆகும்னு எழுதிக் கொடுங்க சார். வீட்டுல எல்லாரும் படிக்கிற மாதிரி இருக்கணும், ஆனா விஷயமும் இருக்கணும்" என்றார் மலரின் பொறுப்பாசிரியர். எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இது:

[உணவில் துத்தநாகம் குறையும்போது ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு குறையக்கூடும் என்பதும், மென்மையான உறுப்புகளிலேயே புரோஸ்டேட் சுரப்பிதான் துத்தநாகத்தை மிக அதிகமாகச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதும்]

அதற்குமேல் போகவில்லை. எழுதுகிறவனுக்கே கொட்டாவி வந்தால் படிக்கிறவர் என்ன பாவம் செய்தார்?

விவரம் கேட்பதற்காக அடையாறில் ஒரு சிறுநீரகவியல் டாக்டரைப் பார்க்கப் போனேன். எனக்காக அல்ல, ஒரு நண்பருக்காக. மயிலாப்பூரில் இருக்கிறார், கிட்டத்தட்ட என் வயது, என் உயரம். காத்திருக்கும் இடத்தில் எனக்கு எதிர் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, ஒழுங்காகக் கத்தரித்த தாடி, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் புத்தம்புதுத் தகர டம்ளர் ஒன்று மினுங்கியது. சிறுநீர் டாக்டரிடம் டம்ளரோடு வருகிறவரைப் பற்றி மனம் முதலில் என்ன நினைக்குமோ அதைத்தான் நானும் நினைத்தேன். அது தப்பு என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ளத்தான் இந்தக் கதை.

அவரோடு ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. இனி வருவது முழுக்க என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "திருவல்லிக்கேணியில் பொழுது விடிந்துகொண்டிருந்தது." வேண்டாம். எல்லாக் கதையிலும் எங்கேயாவது விடிந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது: "ஹபீபுர் ரஹ்மான் தம் ஆண்மையை இழந்துகொண்டிருந்தார்." மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்குகிற வைத்தியர்களின் சுவரொட்டி மாதிரி இருக்கிறது. கீழே போன் நம்பர் போடாததுதான் பாக்கி.

மூன்றாவது: "ஹபீபுர் ரஹ்மான் ஒருநாள் தம் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஹபீபுர் ரஹ்மான் ஒருநாள் தம் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். வயது ஐம்பத்தெட்டு. சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரப் பட்டறை வைத்திருக்கிறார். துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுதான் அவருக்குச் சோறு போடுவது. அதற்கு அவர் தொழிலில் பெயர் ஜிங்க் ஷீட். அதில் பக்கெட், தண்ணீர்த் தொட்டி, ஓட்டல்களுக்குப் புகைபோக்கி, மழைநீர் வழிய வாய்க்கால் எல்லாம் செய்வார். வீடு திருவல்லிக்கேணியில், மாடிப் போர்ஷன். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவரும் மனைவி ஹாஜிரா பீயும்தான்.

ஹாலுக்கு வந்ததற்கு அவர் மனைவியிடம் சொன்ன காரணம் முதுகு வலி. கட்டில் ஒத்துக்கொள்ளவில்லையாம், தரைதான் சரியாம். உண்மைக் காரணங்கள் இரண்டு. ஒன்று, கழிப்பறை ஹாலுக்குப் பக்கத்தில் இருந்தது. இரவில் அவர் அங்கே போய்வந்த கணக்குக்கு ஒரு பாதையே தேய்ந்திருக்க வேண்டும். போனாலும் காரியம் சட்டென்று முடியாது. குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தைக் கேட்டாவது தனக்கு வராதா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இரண்டாவது காரணத்தை அவர் தனக்குள்கூட முழு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் அவர் வழியிலேயே போகிறேன்: ஹாஜிராவின் பக்கத்தில் படுத்தால், முன்பெல்லாம்

(மன்னிக்கவும், ஒரு நிமிடம்.)

(வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? சரி, புரிந்திருக்கும்.)

அது நடக்கவில்லை. நடக்காதது ஒருநாள், இரண்டு நாள் என்றால் களைப்பு என்று சொல்லலாம். அதற்குமேல் போனதும் பயந்துவிட்டார். அவள் கை தன்மேல் படுமோ, பட்டால் தன் உடம்பு காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம். மனைவியை அவ்வளவு பிடித்த மனிதர் மனைவியிடமிருந்து ஒளிய ஆரம்பித்தார். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இந்த இடத்தில் ஹாஜிரா பீ என்ன நினைத்தார் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நான் ஹபீபின் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவருக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. அவர் கேட்கவில்லை, ஹாஜிரா சொல்லவில்லை.

4

இப்போது கருணாகரன் வருகிறார். பட்டறைக்குப் பக்கத்தில் பெயின்ட் கடை. கைபேசியில் வரும் மருத்துவக் காணொளிகளையெல்லாம் பார்த்து, பார்த்ததை அதே சூட்டோடு ஊருக்குப் பரிமாறுகிறவர். மேஜைமேல் எப்போதும் ஒரு செம்பு பாட்டில் இருக்கும்.

"இன்னா பாய், மூஞ்சே செத்துக் கீது?"

"தூக்கம் இல்ல நைனா. நைட்டெல்லாம் எழுந்து எழுந்து போய்க்கினு கீறேன்."

கருணாகரன் குரலைத் தாழ்த்தினார். "அதோட, அந்த மேட்டரும் டல்லா?"

ஹபீப் தெருவைப் பார்த்தார். அதுவே பதில்.

"சந்தேகமே இல்ல பாய். ஜிங்க் கம்மி. நேத்துதான் ஒருத்தன் சொன்னான். ஆம்பளைக்கி ஜிங்க் எறங்குச்சுன்னா ஹார்மோன் எறங்கும், ஹார்மோன் எறங்குச்சுன்னா எல்லாம் எறங்கும்."

"எனக்கா ஜிங்க் கம்மி? பொறந்ததுலேர்ந்து ஜிங்க் ஷீட்டு மேலதான் குந்திக்கினு கீறேன். வெல்டிங் போட்டா ஜிங்க் பொகையே மூக்குல போவுது, காய்ச்சல் வருது."

"குந்திக்கினா ஏறிடுமா? வவுத்துக்குள்ள போவணும். இத்தப் பாரு." செம்பு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "நைட்டு தண்ணி ஊத்தி வெச்சா செம்பு தண்ணில எறங்கும். காலைல குடிச்சா நம்மளாண்ட எறங்கும். சிம்பிள்."

கருணாகரன் இதைச் சொல்லிவிட்டு ஒரு வாடிக்கையாளருக்கு வெள்ளை எனாமல் எடுத்துக்கொடுக்கப் போய்விட்டார். ஹபீபுக்குத்தான் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. செம்பில் செம்பு இறங்கினால், ஜிங்க்கில் ஜிங்க் இறங்காதா? அன்று சாயங்காலமே நல்ல தகடாகப் பார்த்து வெட்டி, விளிம்பு மடித்து, அடி பொருத்தி ஒரு டம்ளர் செய்தார். அவர் செய்த பொருள்களிலேயே அழகானது அதுதான் என்று சொல்வேன். என் கதை, என் டம்ளர், நான் சொல்லலாம்.

அதோடு விட்டிருந்தால்கூட பெரிய மோசம் வந்திருக்காது. வெறும் தண்ணீரில் துத்தநாகம் லேசில் கரையாது என்று ஹபீபுக்குத் தெரியும். பக்கெட் வாங்க வருகிறவர்களிடம் அவர் தவறாமல் சொல்வது, "புளி, மோரு, எலுமிச்சங்கா எதுவும் இதுல ஊத்தி வெக்காதீங்க, கோட்டிங் கரைஞ்சிடும்." தொழில் தெரியாதவன் தண்ணீர் ஊற்றிக் குடித்திருப்பான். தொழில் தெரிந்த ஹபீப் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து டம்ளரில் ஊற்றி, தட்டு போட்டு மூடி, பட்டறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் வந்து ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கருணாகரன் கடை வாசலில், எனாமல் வாங்க வந்த இன்னொருவரின் செருப்புக்கு மிக அருகில் வாந்தி எடுத்தார்.

5

வாந்தி நின்றதும் ஹபீப் டம்ளரோடு அடையாறு சிறுநீரகவியல் டாக்டரிடம் போனார். முதல் வரைவில் அந்த டாக்டர் ஓர் ஆண். மாற்றிவிட்டேன். ஹபீப் நெளிவதைப் பார்க்க வேண்டும் என்கிற கெட்ட ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆகவே டாக்டர் வைதேகி. நாற்பது வயது. எந்தச் சொல்லையும் ரயில்வே அறிவிப்பு மாதிரி தெளிவாக, தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்கிறவர்.

டம்ளரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலுமிச்சை ஜூஸை இதுல எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?"

"நைட்டு பூரா மேடம்."

"இந்தத் தகட்டுல புளிப்பு ஊத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஜிங்க் கரைஞ்சிடும்."

"அப்புறம் ஏன் ஊத்தினீங்க?"

"அதுக்குத்தான் மேடம் ஊத்தினேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். சிரிப்பை அடக்க அவர்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

பிறகு விளக்கினார். நீங்கள் குடித்தது சத்து இல்லை, விஷம். அளவுக்கு மேல் துத்தநாகம் போனால் வயிறு புரட்டும். தொடர்ந்து போனால் உடம்பில் செம்பு குறைந்து ரத்தமே சோகை பிடிக்கும். இது உடம்பை விட்டுப் போகட்டும், சில வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ஸ்கேன் எடுக்கலாம். புரோஸ்டேட்டுக்கென்று ஒரு தனி ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதையும் எடுக்கலாம்.

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் ஹபீப் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். கருணாகரன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "அது கேன்சர் டெஸ்டு பாய். அத்த மட்டும் எடுத்துக்காத. எடுத்தவன்லாம் போய்ட்டான்."

"அது வேணாம் மேடம்."

"சரி, அடுத்த தடவை பேசுவோம். வரும்போது உங்க மனைவியைக் கூட்டிட்டு வாங்க. சாப்பாட்டைப் பத்திக் கேக்கணும்."

"அவங்க வாணியம்பாடி போயிருக்காங்க."

பச்சைப் பொய். ஹாஜிரா பீ வாணியம்பாடிக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. நான் இதை எழுதவே இல்லை, அவராகச் சொல்லிவிட்டார்.

6

(கட்டுரைக்காரன் கொஞ்சம் குறுக்கிடுகிறான். அவசரமாக இருப்பவர்கள் ஏழுக்குத் தாவலாம்.)

கருணாகரன் சொன்னதில் பாதி சரி, அதுதான் ஆபத்து. துத்தநாகம் நன்றாகக் குறைந்தவர்களுக்கு ஆண் ஹார்மோன் இறங்குவது உண்டு; குறையைச் சரிசெய்தால் ஏறுவதும் உண்டு. குறையே இல்லாதவர் மாத்திரையாக விழுங்கினால் ஒன்றும் ஏறாது. புரோஸ்டேட் துத்தநாகத்தைச் சேர்த்துவைக்கிற சுரப்பி. அங்கே புற்றுநோய் வந்த இடத்தில் அது குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குறைவு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. வயதானால் புரோஸ்டேட் வீங்குவது வேறு சங்கதி. அதற்கு வேறு மருந்து இருக்கிறது, அது நன்றாகவே கேட்கிறது, என் நண்பர்கூட ராத்திரி இப்போதெல்லாம் முன்னைப்போல அத்தனை தடவை

(ஒரு நிமிடம்.)

(சரி. நண்பரெல்லாம் யாரும் இல்லை. உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், நாகரிகம் கருதிச் சொல்லாமல் இருந்தீர்கள். நன்றி.)

7

சில வாரம் கழித்து, பரிசோதனை முடிவுகளை வாங்கப் போகிற நாள். ஹபீப் தனியாகத்தான் கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் ஹாஜிரா பீ புர்கா அணிந்து, கைப்பையோடு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் கருணாகரன் உடம்பு விசாரிக்கிறேன் என்று சாத்துக்குடியோடு வீட்டுக்குப் போய், டம்ளர், வாந்தி, மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போவதுவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்படிப்பட்ட ஒரு பாத்திரம் இருந்தால் கதாசிரியனுக்குப் பாதி வேலை மிச்சம்.

பஸ்ஸில் ஹபீபுக்கும் சேர்த்து ஹாஜிரா பீயே டிக்கெட் வாங்கினார்.

டாக்டர் வைதேகி காகிதங்களைப் புரட்டினார். "புரோஸ்டேட் வீங்கியிருக்கு. அது வயசு. ஜிங்க்னால வீங்கலை, ஜிங்க் சாப்பிட்டா வத்தவும் வத்தாது. மாத்திரை தரேன். ஆனா ஜிங்க் நிஜமாவே கொஞ்சம் கம்மியாதான் இருக்கு, ஹார்மோனும் கீழ் எல்லைக்குப் பக்கத்துல இருக்கு. எனக்கு அதுதான் புரியலை. ரஹ்மான் சார், உங்க வீட்டுல கறி சமைக்கிறது உண்டுதானே?"

"டெய்லி உண்டு மேடம்" என்றார் ஹாஜிரா பீ.

"நீங்க சாப்பிடறீங்களா சார்?"

ஹபீப் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வெளியே சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது. நான் சொல்கிறேன்: கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே தட்டில் சோறு வைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இருவரும் ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறார்கள். ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. நல்ல துண்டாகப் பார்த்து, பேசிக்கொண்டே, பார்க்காத மாதிரி, எதிரில் இருப்பவர் பக்கம் நகர்த்திவிட வேண்டும். நகர்த்தியவர் சொல்லக் கூடாது, பெற்றவர் கேட்கக் கூடாது. ஹபீப் முப்பது வருடத்துக்கு மேலாக எல்லாத் துண்டையும் ஹாஜிரா பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். தன் பக்கம் குழம்பும் சோறும் போதும் அவருக்கு.

"எல்லாம் அவளுக்குத்தான் மேடம் போவும்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் ஹாஜிரா பீயைப் பார்த்தார். ஹாஜிரா பீயின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நா கறி துன்றதில்ல மேடம்."

"என்னது?" இது ஹபீப்.

"பாப்பா வவுத்துல இருந்தப்பவே வாசனை புடிக்காம போச்சு. அப்புறம் வரவே இல்ல. நீங்க ஆசையா தள்ளி வெக்கறீங்க, எப்படி வேணாம்னு சொல்றது? எலும்புக் கிண்ணத்துல மறைச்சு வெச்சு மொட்டமாடில பூனைக்குப் போட்டுடுவேன்."

"எந்தப் பூனைக்கு?"

"இப்போ அந்த மஞ்சப் பூனைக்கி. பாதுஷா."

அந்தத் தெருவில் பிறக்கும் குட்டிகளில் பாதி மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் ஹபீபுக்கு இப்போதுதான் விளங்கியது. டாக்டர் இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். முதலில் ஹபீப், பிறகு ஹாஜிராவும் சிரித்தார்கள். பல நாள்களுக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அன்றுதான்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் சொன்னார்: "கறி மட்டும் இல்ல, முட்டை, சுண்டல், பூசணி விதைன்னு எல்லாத்துலயும் ஜிங்க் இருக்கு. சாப்பிடுங்க, போதும். ஆனா அந்த ரத்த டெஸ்ட் பாக்கி."

"வேணாம்" என்றார் ஹபீப்.

"எடுங்க மேடம்" என்றார் ஹாஜிரா பீ. எடுத்தார்கள். முடிவு மறுநாள் வரும்.

8

நியாயமாகப் பார்த்தால் இங்கே முடிவு எழுத வேண்டும். எழுதிப் பார்த்தவை:

[ஹபீப் தினமும் கறியும் பூசணி விதையும் சாப்பிட்டு, ஒரே மாதத்தில் இருபத்தைந்து வயதுக்காரராக] இதை எழுதினால் மாத்திரைக் கம்பெனிகள் எனக்கு விளம்பரம் கொடுக்கும். பொய்.

[முடிவைப் படித்த டாக்டரின் முகம் மாறியது.] பாதிப் பேர் அழுவார்கள். மீதிப் பேர், ஆண்கள், பயந்துபோய் அந்த டெஸ்ட்டை எடுக்கவே மாட்டார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கருணாகரன் ஒருவர் போதும்.

[எல்லாம் நார்மல். அல்ஹம்துலில்லாஹ்.] இதைத்தான் நானும் விரும்பினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் ஒன்று உறைத்தது: முடிவு நல்லபடியாக வந்தால் ஹபீப் மனைவியிடம் ஒன்றுமே சொல்லாமல் தப்பித்துக்கொள்வார். மாத்திரை போடுவார், தலையணை ஹாலிலேயே கிடக்கும். நோய்க்குப் பயந்தவர் இல்லை அவர். ஹாஜிராவுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயந்தார். ஆகவே அந்த ரத்தப் பரிசோதனையின் எண் இந்தக் கதையில் வராது. கேட்காதீர்கள்.

(இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் வீட்டிலும் எனக்கு முதுகு வலிதான்.)

9

அடையாறு பஸ் நிறுத்தம். சாயங்கால வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உட்கார இடம் கிடைத்தது. திருவல்லிக்கேணி போகிற பஸ் ஒன்று வந்தது. ஹபீப் எழுந்தார், ஹாஜிரா பீ எழவில்லை. பஸ் போய்விட்டது. ஹபீப் மறுபடி உட்கார்ந்தார்.

"முதுகு வலின்னு சொன்னீங்க."

"ஆமா."

"நா நம்பல."

ஹபீப் பஸ் போன திசையையே பார்த்தார்.

"மொதல்ல வேற யாராவது கீறாளோன்னு நெனச்சேன். உங்க மூஞ்சப் பாத்தா அப்படி இல்லன்னு தெரிஞ்சிது. அப்போ கொறை என்னாண்டதான்னு நெனச்சேன். தி.நகர் போய் புது நைட்டி வாங்கினேன். நீங்க பாக்கல. முடிக்கு மருதாணி போட்டேன். அதுவும் பாக்கல. பல்லு டாக்டராண்ட போய், வாய் நாறுதாம்மா, நல்லா பாத்துச் சொல்லுன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு, இல்லம்மா, நல்லாதான் கீது, யார் சொன்னாங்கன்னு கேட்டுச்சு. யாரும் சொல்லலன்னு சொன்னேன்."

அவர் குரல் உயரவே இல்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே பேசினார்.

"உங்க ஒடம்புல இன்னா கொறைச்சல்னு நீங்க தேடிக்கினு இருந்தீங்க. அதே ரெண்டு வருஷம் நா என் ஒடம்புல தேடிக்கினு இருந்தேன்."

 ஹபீபுர் ரஹ்மான், அவமானம் தன் ஒருவனுடையது, அதைத் தான் ஒருவன் சுமந்தால் போதும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அதில் பாதியை, பெரிய பாதியை, கேட்காமலே இவள் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறார். இப்போது அவர் பேச வேண்டும்.

["அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல ஹாஜிரா."] இது பதில் இல்லை. கதவைச் சாத்துவது.

["வயசாயிடுச்சு இல்ல, எல்லாருக்கும் வர்றதுதான்."] டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார். கோழை.

[ஹபீப் பேசாமல் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.] நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயால் சொல்ல வேண்டியதைக் கையிடம் தள்ளிவிடுவது நம் ஆண்களின் வழக்கமான சாமர்த்தியம். அந்தச் சலுகையை இவருக்குக் கொடுக்க மாட்டேன்.

நாலாவது வாக்கியம் எனக்கு வரவில்லை. நாலு நாளாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அந்த வாக்கியத்தை யார் மனைவியிடம் சொல்லிப் பழகியிருக்கிறாரோ அவர்தான் எழுத முடியும் என்று தோன்றுகிறது. உங்களில் யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னவர்கள் இந்தப் பக்கத்தில் எழுதிவிடுங்கள், இடம் விட்டிருக்கிறேன். சொல்லாதவர்கள் எழுத வேண்டாம். பக்கத்து அறையில் ஒருவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார். போய் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்த பஸ் வருகிறது. ஹாஜிரா பீ இன்னும் எழவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஹாஜிரா," என்று ஆரம்பிக்கிறார் ஹபீபுர் ரஹ்மான், "உன்னாண்ட ஒண்ணு